மூன்று பெட்டிகளும் உன் குரலும்

தம்பி,

இன்று காலை மூன்றாவது பெட்டியின் மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாடை முகத்தில் அடித்தது. நீ வேலை முடித்து வந்து சட்டையைக் கொடியில் போடும்போது வருமே, அதே வாடை. அப்புறம் அடுப்புப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அதில் டிஸ்க் விளக்கு எரியவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியூர் போனால் நீ எனக்குப் பேசி அனுப்பியதையெல்லாம் அந்த மூன்று பெட்டிக்குள்தான் போட்டு வைத்திருந்தாய். என் போன் மழைத் தண்ணீரில் விழுந்து வீணாகிவிட்டது. உன் குரல் இப்போது வேறு எங்கேயும் இல்லை.

ஐரோலி ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, தாராவியில் நம் பத்துக்குப் பத்து அறைக்கு நீ கொண்டுவந்த பெட்டிகள். "ஒண்ணுக்கே எடமில்ல, மூணு எதுக்குலே?" என்றேன்.

"மூணு மெஷின் இல்லாம இந்த ஸ்டோரேஜ் சரியா நிக்காதுக்கா. ஒரே சாமான மூணுலயும் வச்சிக்கிடும். ஒண்ணு செத்தாலும் மத்த ரெண்டும் தாங்கும்."

அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாய். மூன்றிலும் ஒரே அளவு டிஸ்க் வேண்டும். மெஷின் எழுந்திருக்கத் தனியாக ஒரு சின்ன டிஸ்க். மெமரி தாராளமாக. கேபிள் இரண்டு, ஒன்று வெளியாருக்கு, ஒன்று அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள. "எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மொதல்ல இதத்தான் பாப்பேன். ஒண்ணு கொறஞ்சாலும் கைய வைக்க மாட்டேன்" என்றாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது.

அன்று நான் ஒரு தப்பும் செய்தேன். கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டே நீ "மணி என்னக்கா?" என்றாய். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். மூன்றாவது பெட்டியில் அதைத் தட்டினாய். மற்ற இரண்டும் அந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஒரு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிக் குத்தினாய். தண்ணீர்க் குழாய் வரிசைக்குப் பிந்திவிடக் கூடாதென்று நம் சந்தில் எல்லார் வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிஷம் முன்னால் ஓடுவது உனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மூன்றும் ஒரே மணி காட்டினால்தான் ஒன்றோடொன்று சேருமாம். "ஒம் பேச்சக் கேட்டு இது மட்டும் கொடத்தத் தூக்கிட்டு முன்னால போயிட்டு, யக்கா" என்று தரையில் உருண்டு சிரித்தாய்.

நீ காய்ச்சலில் போன பிறகு இது இரண்டாவது மழை. பக்கத்து வீட்டு லாத்தா, "அதப் பழைய சாமான் எடுக்குற பங்கார்காரன்ட்ட தூக்கிக் குடுத்துட்டு, காலையாவது நீட்டிப் படு புள்ள" என்று தினமும் சொல்கிறார். பெட்டிகளின் இரைச்சல் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இந்த அறையில் வேறு சத்தம் இல்லை.

மத்தியானம் உன்னோடு வேலை பார்த்தவர் பாண்டுப்பிலிருந்து வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிட்டுக்கா" என்றார்.

"மத்த ரெண்டுலயும் எல்லாம் இருக்கு. ஆனா இப்படியே விடக்கூடாது. அதே அளவுல ஒரு டிஸ்க் கொண்டாந்து மாட்டுதேன்."

"இருக்குன்னு நீங்க சொல்லுதிய. எனக்குக் காதால கேக்கணும்" என்றேன்.

அவர் எதையோ தட்டினார். நீ பேசினாய்.

"யக்கா, வேல முடிஞ்சிட்டு. சாப்ட்டியா?"

அதோடு நிறுத்திவிட்டாய். நீ பேசி அனுப்பியதைப் போனில் கேட்கும்போதும் நான் வாய்விட்டுப் பதில் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு இடம் விட்டுத்தான் எப்போதும் பேசுவாய்.

"சாப்ட்டேன்லே" என்றேன்.

"சரிக்கா, வைக்கேன்" என்றாய்.

வந்தவர் கேபிள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் போன பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.