முழங்காலுக்கு நாலு விரல் கீழே

1931 மார்ச் 9, திங்கள்

சுபஹ் தொழுதுவிட்டு ஓடினேன். அக்குறணையிலிருந்து அலவத்துகொட வரை மூன்று மைல், திரும்ப மூன்று மைல். வழியில் ஒரு நாய் துரத்தியது. பாதியில் சலித்துப்போய் நடுறோட்டில் உட்கார்ந்து காதைச் சொறிய ஆரம்பித்துவிட்டது. என் வேகத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஜூன் பதின்மூன்றாம் திகதி கண்டி வாவியைச் சுற்றிப் பந்தயம். இரண்டு சுற்று, நாலு மைல். போன வருஷம் பதின்மூன்று பேரில் பதினோராவதாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவர் இடையில் நின்று தேத்தண்ணீர் குடித்தவர். மற்றவர் அவருக்குத் துணைக்கு நின்றவர். இந்த வருஷம் முதல் மூன்று பேரில் ஒருவனாக வரவேண்டும். கண்டியில் புரொக்டர் ஒருவரின் சட்டக் கந்தோரில் நாள் முழுக்க உட்கார்ந்து யாரோ ஒருவருடைய காணி உறுதிப் பத்திரத்தைப் பிரதி எடுக்கிறவனுக்கு இந்த ஓர் ஆசையாவது இருக்கட்டும்.

தங்கச்சி றம்லத் கேட்கிறாள்: "நானா, கண்டிப் பக்கமும் றோட்டு ஈக்கிதானே. எந்த நாளும் அலவத்துகொடவுக்கே ஓடுறது எனத்துக்கு?"

அந்தப் பக்கம் ஏற்றம் அதிகம், பயிற்சிக்கு நல்லது என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஏற்றம் என்று சொன்னது பொய். நாட்குறிப்பிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மையை எழுதுவது?

அலவத்துகொடவில், பாதை வளைகிற இடத்தில், மிளகு வியாபாரி பளீல் ஹாஜியாரின் வீடு இருக்கிறது. அவருடைய மகள் ரபீகாவை எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். முஹர்ரம், ஸபர் மாதங்கள் கழிந்ததும் கலியாணம். உம்மாவும் றம்லத்தும் பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் நிக்காஹ் முடிந்த பிறகுதான். அது எங்கள் வழக்கம், அதை நான் மீறவில்லை. றோட்டில் ஓடுகிறேன், அவ்வளவுதான். றோட்டு அரசாங்கத்துடையது.

மார்ச் 27, வெள்ளி

கந்தோரில் டைப் அடிக்கும் முத்துலிங்கம் தன்னைத்தானே எனக்குப் பயிற்சியாளராக நியமித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓட்டத்தைப் பற்றிச் சீமையிலிருந்து ஒரு புத்தகம் தருவித்துப் படித்திருக்கிறார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மழை பெய்தால்கூட நடந்துதான் வருவார்.

மாலையில் வாவிக் கரையில் வசதியான ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "குதியால ஓடாதையும் காணும், விரலால ஓடும்!" என்று கத்தினார். விரலால் ஓடினேன். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. காட்டினேன். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அப்ப குதியாலயே ஓடிப் பாரும்" என்றார்.

காலையில் இரண்டு பச்சை முட்டை குடிக்க வேண்டுமாம். குடித்தேன். ஒரு மைல் போவதற்குள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

ஏப்ரல் 4, சனி

மேல் ஜன்னலில் திரை அசைந்தது. காற்றாக இருக்கலாம். ஆனால் இன்று காற்றே இல்லை.

என் முறை இதுதான். வீடு கண்ணில் படுவதற்கு நூறு யார் தூரம் முன்னாலிருந்தே நெஞ்சை நிமிர்த்தி வேகம் எடுப்பேன். வீட்டு வாசலைக் கடக்கும்போது மூச்சு வாங்குவது தெரியாமல் வாயை மூடிக்கொள்வேன். பாதை வளைந்து வீடு மறைந்ததும் நடப்பேன். இளைப்பாறிவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் அதே நிமிர்வு, அதே வேகம். இந்த இரண்டு தடவை மட்டும் யாராவது என்னைப் பார்த்தால் கண்டியிலேயே இவன்தான் முதலாவது என்று சத்தியம் செய்வார்கள்.

ஏப்ரல் 11, சனி

விழுந்துவிட்டேன். வேறெங்கும் இல்லை, அவர்கள் வாசலில்.

ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்த்தேன். கொஞ்சம். கால் மடங்கி, கணுக்கால் பிசகி, மல்லாந்து கிடந்தேன். கண்ணைத் திறந்தால் தலைக்கு மேல் பளீல் ஹாஜியார். மாப்பிள்ளைப் பையனை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கணுக்கால் பலாக்கொட்டை போல வீங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் பார்த்தது அதை அல்ல. என் அரைக் களிசானை. களிசான் முடிந்து, அதற்குக் கீழே வெட்டவெளியில் கிடந்த என் இரண்டு முழங்கால்களை.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். ஆண்பிள்ளையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை மூடவேண்டும் என்பது மார்க்கம். உள்ளே போய் ஒரு சாரனைக் கொண்டுவந்து என் இடுப்பிலிருந்து பாதம் வரை போர்த்தினார். அதன் பிறகுதான், "கால் எப்படி ஈக்கு?" என்று கேட்டார். மிளகு மூட்டைகளோடு மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். மூன்று மைலும் தும்மிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மாமா, உம்மாவின் தம்பி, அலவத்துகொடவிலிருந்து செய்தி கொண்டுவந்தார். ஹாஜியார் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்: "நடுறோட்டில முழங்காலக் காட்டி ஓடுற மாப்பிள்ளை எனக்கு வேணாம். ஒண்டு அத உடட்டும், இல்லாட்டி எண்ட மகள உடட்டும்."

உம்மா அழுதார். அழுதுகொண்டே களிசானை இரண்டாகக் கிழித்து லாம்புக் கண்ணாடி துடைக்க வைத்துவிட்டார். வாப்பா மௌத்தான பிறகு தனியாக நின்று வளர்த்த மகன் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். நான் என்னத்தைச் செய்தேன்? ஓடினேன். திருடவில்லை, குடிக்கவில்லை. முழங்கால்! ஊரில் யாருக்கு இல்லை முழங்கால்?

எனக்கு இரண்டும் வேண்டும். ரபீகாவின் முகம் தெரியாது, குரல் தெரியாது, ஆனாலும் அவள் வேண்டும் என்று இருக்கிறது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஓட்டமும் வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருடைய உறுதியையும் பிரதி எடுக்காமல் இருப்பது.

ஏப்ரல் 17, வெள்ளி

ஓட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

கணுக்கால் சரியாகிவிட்டது. சரியாகி என்ன பயன்? காலையில் நேரம் போகமாட்டேன் என்கிறது. முத்துலிங்கத்திடம் சொன்னேன். "நான் இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீணாப் போச்சுதே காணும்" என்றார். கல்லில் உட்கார்ந்த பாடு. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்று றம்லத் தொதல், வட்டிலப்பம் என்று இனிப்புகள் எடுத்துக்கொண்டு மாமியோடு ஹாஜியார் வீட்டுக்குப் போய்வந்தாள். வந்ததிலிருந்து என்னைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். அதட்டிய பிறகுதான் சொன்னாள்.

ரபீகா அவளைத் தனியாக அழைத்துப்போய் முதலில் கேட்டது இதுதானாம்: "உங்கட நானா எங்கட ஊட்டக் கண்டாத்தான் ஓடுவாரா? வளைவுக்கு அங்கால எந்த நாளும் நடந்துதானே போறாரு!"

அவர்களுடைய அடுக்களை மேட்டில் இருக்கிறதாம். அதன் பின்வாசலில் நின்றால் வளைவுக்கு அப்பால் அரை மைல் பாதை அப்படியே தெரியுமாம். நான் இடுப்பில் கை வைத்து நடந்தது, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமியது, திரும்புவதற்கு முன் தலையைக் கோதிக்கொண்டது, எல்லாவற்றையும் ஒரு மாதமாக அந்த அடுக்களையே பார்த்திருக்கிறது. என் மானம் கப்பலேறிவிட்டது. சீமைக்கே போயிருக்கும்.

பிறகு ரபீகா கேட்டாளாம்: "இப்ப ஏன் ஓடுறல்ல?"

"உங்கட வாப்பா வேணாண்டு செல்லினதால."

"வாப்பா எங்க ஓட வேணாண்டு செல்லின? முழங்காலக் காட்டி ஓட வேணாண்டுதானே செல்லின."

ஆறு வருஷமாக உறுதிகளில் வரி வரியாக நிபந்தனைகளைப் பிரதி எடுக்கிறேன். என் தலையில் விழுந்த நிபந்தனையை ஒழுங்காக வாசிக்கத் தெரியவில்லை. அலவத்துகொடவில் ஓர் அடுக்களையில் இருக்கிற பெண் வாசித்துவிட்டாள்.

மே 9, சனி

ஹாஜியார் வீட்டு வண்டிக்காரன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே வெள்ளைத் துணியில் ஒரு களிசான். முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை வருகிறது. இடுப்புக்கு நாடா. ரபீகா தைத்தது. வாப்பாவிடம் நேரே போய், மூடினால் சரியா என்று கேட்டாளாம். அவரால் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. "மூடினா ஓடட்டும். ஆனா நான் வந்து பாப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது. அளவு கொடுத்தது யார்? தான் இல்லை என்று றம்லத் சத்தியம் செய்கிறாள். உம்மா நாடாவை இழுத்துப் பார்த்து, "தையல் நல்லா ஈக்கு" என்று மட்டும் சொன்னார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே ஓடினேன்.

மே 20, புதன்

முத்துலிங்கம் களிசானைச் சுற்றி வந்து பார்த்தார். "இது ஓடுறதுக்கோ, வள்ளத்தில பாயாக் கட்டுறதுக்கோ?"

ஆனால் நாலு மைலுக்கு இரண்டு நிமிஷம் குறைந்திருக்கிறது. புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம்தான் காரணம் என்கிறார். காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போது வளைவுக்கு அப்பாலும் ஓடவேண்டியிருக்கிறது. அடுக்களையிலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு மனிதன் நடப்பானா?

ஜூன் 13, சனி

பதினான்கு பேர். என் களிசானைக் கண்டதும் சிரிப்பு தொடங்கியது. ஒருவன் "படுக்கையிலிருந்து நேரே வந்துவிட்டீர்களா?" என்று கேட்டான். முத்துலிங்கம் அவனை முறைத்தார்.

ஹாஜியார் வந்திருந்தார். துருக்கித் தொப்பி, கறுப்புக் குடை. கடைசிக் கால் மைல் தொடங்குகிற திருப்பத்தில் நின்றார். முதல் சுற்றில் அவரைத் தாண்டும்போது நான் ஐந்தாவது. அவர் கண் முழங்காலுக்குப் போனது, திருப்தியோடு திரும்பியது. இரண்டாம் சுற்றில் இரண்டு பேரைப் பிடித்தேன். மூன்றாவது! கால் தரையில் படுவதே தெரியவில்லை. பிறகு வாவிக்கரை மரத்தின் வேர் ஒன்று தெரிந்தது. தெரிந்தபோது நான் தரையில் கிடந்தேன்.

எழுந்தேன். இன்னும் மூன்றாவதுதான். ஆனால் களிசானின் வலது கால் மேலிருந்து கீழே கிழிந்து தொங்கியது. முழங்கால் ரத்தத்தோடு வெளியே நின்றது. ஐம்பது யார் தூரத்தில் திருப்பம், அங்கே ஹாஜியார். கையால் முழங்காலைப் பொத்திக்கொண்டு ஓடினேன். அப்படி ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டம் இல்லை. ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். அடுத்தவனின் மூச்சு பிடரியில் கேட்டது. கையை எடுத்தால் ரபீகா போய்விடுவாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஹாஜியாருக்கு முன்னால் வந்தபோது கால் தானாக நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார், விரலிடுக்கில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாவியைப் பார்த்து நின்றார். குடையையும் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒண்டும் காணல்ல! ஓடுங்க மகன், ஓடுங்க!"

அதுவரை அவர் என்னை மகன் என்று கூப்பிட்டதில்லை. கையை எடுத்துவிட்டு ஓடினேன். நான் நின்ற நேரத்தில் தாண்டிப் போயிருந்த ஒருவனை முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் பிடித்தேன்.

நாலாவது. முதல் மூன்று பேருக்குத்தான் கிண்ணம். முத்துலிங்கம் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "முழங்காலைப் பொத்துறதைப் பற்றிப் புத்தகத்தில ஒண்டும் இல்லை காணும்" என்றார்.

ஜூன் 15, திங்கள்

ஹாஜியார் வீட்டிலிருந்து காயத்துக்கு எண்ணெய் வந்தது. கிழிந்த களிசானைக் கொடுத்துவிடச் சொன்னார்களாம், முழங்காலுக்கு இரட்டைத் துணி வைத்துத் தைப்பதற்கு.

ஆகஸ்ட் 24, திங்கள்

கலியாணம் முடிந்து மூன்று வாரம். எங்கள் வழக்கப்படி நான் பெண் வீட்டோடு வந்துவிட்டேன். ரபீகாவின் குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கரகரப்பு. சிரித்தால் அடக்கத் தெரியாது. அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், இந்த அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

மூன்று வாரமாக ஓடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன். இன்று சுபஹ் முடிந்து மறுபடியும் படுக்கப் போனபோது ஹாஜியார் மாமா வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். வருகிற வருஷம் என் மருமகன்தான் முதலாவது என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாராம். "ஓடாத மாப்பிள்ளைய வெச்சிக்கிட்டு நான் எப்படி ஊருல தல காட்ட?" என்று கேட்டு, என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ரபீகா சிரிப்பது கேட்டது.

றோட்டில் நின்று எந்தப் பக்கம் போவது என்று யோசித்தேன். இத்தனை நாள் ஓடிவந்த இடத்தில்தான் நிற்கிறேன். கால் தானாக அக்குறணைப் பக்கம் திரும்பியது. நடக்கவில்லை. மூன்று மைலும் ஓடினேன்.

உம்மா அடுக்களையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பயந்துபோய், "எனத்தியன் மகன், சண்டையா?" என்றார். இல்லை, பயிற்சி என்றேன். நம்பாமல் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை வைத்தார். மூன்று வாரத்தில் இளைத்திருந்தார். நான் போனதிலிருந்து உம்மா இரண்டு பேருக்கு அளந்து சமைக்கப் பழகவே இல்லை, எந்த நாளும் மிச்சம்தான் என்று றம்லத் சொன்னாள். எட்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது உம்மா வாசல் வரை வந்தார். "நாளேக்கும் பயிற்சி ஈக்கா?" என்று கேட்டார்.

எந்த நாளும் இருக்கிறது என்றேன்.