டாக்டரிடம் சொல்லாதது

மத்திகிரி
14.8.2005

தர்ஷினியின் அம்மாவுக்கு,

போன் செய்தால் நீ பேச மறுக்கிறாய். அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்குப் புண் ஆறிவிட்டதா?

டயப்பரால் அவள் தொடை சிவந்ததும், உன் காட்டன் சேலையைக் கிழித்துத் துணி கட்ட ஆரம்பித்தாய். தினமும் நீதான் துவைத்தாய். கொடி முழுக்க ஈரத்துணி தொங்குகிறதே என்று நான் சலித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஜூஜுவாடிக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாய். என் சூப்பர்வைசர் நம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அவர் கண்ணில் படக்கூடாதென்று கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் வாளிக்குள் திணித்துவிட்டு, மீந்திருந்த டயப்பரைப் பாப்பாவுக்கு மாட்டினேன். பேச்சு சுவாரஸ்யத்தில் மாலை வரை மாற்றவே இல்லை. அவள் அழுதபோது பசி என்று நினைத்துப் பாலைக் கொடுத்தேன். நீ வந்து கழற்றியபோது தோல் உரிந்திருந்தது.

டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கத்தினார்: "ஏம்மா, பெத்தவளுக்கு இவ்ளோ அசட்டையா? துணி கட்டுனா கை தேஞ்சுருமா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் நின்றேன்.

உன்னைக் கூட்டிப்போக வந்த உன் அப்பாவும், "ஒரு புள்ளைய பாத்துக்கத் துப்பில்லியா?" என்று உன்னைத்தான் திட்டினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நேற்று டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருகிறேன். உன் வீட்டார் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்கிறேன். அதன்பிறகு என்னோடு வருவதும் வராததும் உன் விருப்பம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா