நீங்கள் நீக்கச் சொன்ன பீச் பழம்

அக்கா, காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்தப் பழைய சீனத் தட்டின் படம் மறுபடியும் வந்து நின்றது. வெள்ளைப் பீங்கானில் நீலத்தில் வரைந்த மூன்று பழங்கள். ரிப்பீட் ஆர்டர். இந்த முறை மூன்றும் வேண்டுமாம். பார்த்ததுமே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

முதல் தடவை, இதை நைட்டித் துணியில் பிரிண்ட் போட வேண்டுமென்று சரக்கு வாங்கும் பையர் அனுப்பியபோது நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். பிளந்த மாதுளை என்றால் பிள்ளைச் செல்வம், விரல் விரலாகப் பிரிந்த நார்த்தங்காய் என்றால் பாக்கியம், பீச் பழம் என்றால் நீண்ட ஆயுள் என்று மெயிலிலேயே விளக்கம் இருந்தது. மாதுளையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் வரைந்து முடித்துவிட்டீர்கள். பீச்தான் நம்மைப் படுத்தி எடுத்தது. இருவரும் அந்தப் பழத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்ததில்லை. நைட்டிக்கு மாங்காய் டிசைன் போட்டுப் போட்டுப் பழகிய கை, நுனியைத் தானாக வளைத்துவிடும். இது மாங்காய், பீச் இல்லை என்று சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தது.

"அத எடுத்துட்டு ரெண்டே போதுமான்னு கேளு கண்ணு" என்றீர்கள். "ஆயுசு இல்லாட்டிப் போகுது. புள்ளைக நல்லா இருந்தாப் போதும்."

நான் சிரித்தேன். நீங்களும்தான் சிரித்தீர்கள். பையர் ஒத்துக்கொண்டான், சரக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முன்பே கோயம்புத்தூர் டாக்டர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது, ஊத்துக்குளியில் உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றுதான் எனக்குத் தெரியும். உங்கள் மகள் சொன்னாள்.

"உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சனுங்க சித்தி."

இன்னும் கோபம் ஆறவில்லை அக்கா. தினமும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டோமே, என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? கோபப்படக்கூட இப்போதெல்லாம் தெம்பில்லை. சாம்பிள், ஷிப்மென்ட், மறுபடியும் சாம்பிள் என்று நாள் போகிறது.

சாயங்காலம் பீச் சரியாக வந்துவிட்டது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்து, அருமையாக இருக்கிறது என்றாள். நல்ல பிள்ளைதான். எதைக் காட்டினாலும் அருமை என்பாள். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் இருந்திருந்தால் இலையிலாவது ஒரு குறை கண்டுபிடித்திருப்பீர்கள்.

நானே இலையைப் பார்த்தேன். காம்புப் பக்கம் கொஞ்சம் தடிமன்தான். திருத்திவிட்டு அனுப்பினேன்.