தொலைந்த பொருள் அறை

அன்புள்ள உங்களுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. போனில் பேச வாய் வரவில்லை. நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குப் புறப்படும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விடவில்லை. பஸ் நிலையத்தில் நான் பார்த்துக்கொள்ளும் தொலைந்த பொருள் அறை முழுக்கக் குடைகள். தேடி வருகிறவர்களிடம், "அடையாளம் சொல்லுங்க" என்கிறேன். டிபன் பாக்ஸைத் தொலைத்தவர்கூட அதன் நசுங்கலைக் காற்றில் வரைந்து காட்டுகிறார்.

நம் பையனைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னேன். "என்ன சட்டை போட்டிருந்தான்? யாரோட பழகுவான்?" எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "நீங்க பெத்தவங்கதானே?" என்றார் போலீஸ்காரர்.

சொந்த வீடு, உங்களுக்குப் பதவி உயர்வு என்று முழங்கால் தேயக் கேட்டேன். கர்த்தர் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. பையன்தான் வீட்டிலேயே இருக்கிறானே என்று அவனுக்காக ஒன்றும் கேட்கவில்லை. வேதத்தில், மந்தையில் ஓர் ஆடு குறைந்ததும் மேய்ப்பருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் சொல்லச் சொல்கிறார்கள். இதே பஸ் திரும்பும்போது ஏறி வந்துவிடுங்கள்.

அவன் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்ததே, அது வலது காதா, இடது காதா?

உங்கள் மனைவி