காய்ச்சல் காட்டாத உடம்பு

ஏங்க,

நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு டீச்சர் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நிமோனியாவாம். துணி எடுக்கத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன்.

மூச்சு வாங்குகிறது என்று நாலு நாளாகச் சொன்னேன். நாலு நாளும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலே இல்ல, சும்மா படுத்தாதே" என்றீர்கள். முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எழுபது வயசுல எதிர்ப்புச் சக்தி மந்தமாயிடும்மா. கிருமி உள்ள புகுந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, வீட்ல யாரும் பாக்கலையா?"



சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். மகள் போன் செய்தால், நாலு நாள் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பி.கு.: நீங்களும் முந்தாநாளிலிருந்து இருமுகிறீர்கள். உங்களுக்கு எழுபத்து மூன்று. இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: தெர்மாமீட்டரை என் தலையணைமேல் வைத்திருக்கிறேன். என்னைவிட அதைத்தானே நம்பினீர்கள், துணைக்கு இருக்கட்டும்.