சின்னவனுக்கு ஒரு ஆணி

மார்ச் 4

பெரிய பேத்தி நர்ஸ் பரீட்சையில் முதல் வகுப்பு. அடுத்தவள் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். மூத்த பேரன் மின்சார ஆபீசில். அவன் மனசு வைத்தால்தான் எங்கள் தெருவுக்கே வெளிச்சம். எல்லோர் படமும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். கடைசி ஆணி மட்டும் சும்மா நிற்கிறது. அது சின்னவனுக்கு. அவன் நடிகன். சீரியலில் ஒரு தடவை பிணமாகப் படுத்தான். இமைகூட ஆடவில்லை, வேறு எவனால் முடியும்? ஆனால் பிணத்தின் படத்தைக் கூடத்தில் மாட்ட முடியுமா?

இப்போது டிவியில் காமெடித் தொடருக்கு ஆடிஷன். பேரன் வேஷம். இந்தத் தடவை கிடைத்துவிடும்.

மார்ச் 7

காலையிலிருந்து ஒத்திகை. காது கேட்காத பாட்டியாக நான். அவளுக்கு முக்கால்வாசி வசனம் "ஆ?" தான். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும். கேட்டுக் கேட்டு அவன் வசனமும் எனக்கு மனப்பாடம்.

"ஆடிஷனுக்கும் நீயே வா பாட்டி. எதிர்ல வேற யாராவது நின்னா எனக்கு ஓடாது."

மார்ச் 11

ஜன்னலே இல்லாத அறை. தூங்கி எழுந்த முகத்தோடு மூன்று பேர். சின்னவன் ஆரம்பித்ததும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு வேகம். வெளியே வந்ததும் என்னைத் தூக்காத குறை. "விழுந்து விழுந்து சிரிச்சாங்க, பாத்தியா!"

பார்த்தேன். கேமராக்காரப் பெண் என் காதோரம் சொன்னதையும் கேட்டேன் — "அவர் பேசப் பேச உங்க வாயும் கூடவே அசையுது பாட்டி. எல்லாரும் உங்களைத்தான் பாக்குறாங்க."

எப்போது அசைந்தது இந்த வாய்? பிள்ளை எங்கேயாவது தடுக்கிவிடக் கூடாதே என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவன் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். பாதியை அவனிடமே நீட்டினேன்.

மார்ச் 14

அவன் போன் ரிப்பேரில் இருப்பதால் என் நம்பரைக் கொடுத்திருந்தான். ஆடிஷன் நடத்திய கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் பேசினாள்.

"பாட்டி ரோல் உங்களுக்குத்தான். பேரனுக்கு வேற பையனைப் பாத்தாச்சு."

"அவன் இல்லாம நான் எப்படிம்மா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. திரும்பக் கூப்பிடறேன்."

போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 15

"போன் வந்துச்சா?" "இல்லடா."

மார்ச் 16

"சார்ஜ் இருக்கா? சத்தம் வெச்சிருக்கியா?" குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான். அவனே எடுத்து ஆன் செய்து மேஜையில் வைத்துவிட்டான்.

மார்ச் 17

சாப்பிடும்போது மணி அடித்தது. என் மகள், அவன் அம்மா, முந்திக்கொண்டாள். "எங்கம்மாவா? டிவிலயா?" என்று கூவினாள். அப்புறம்தான் மகன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் கை தட்டிலேயே இருந்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு எதுக்குச் சிரிச்சாங்க?"

சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? நான் நடிக்கப் போகப்போவதில்லை என்றும் சொன்னேன்.

"போகலைன்னா, நான்தான் வயித்தெரிச்சல்ல தடுத்தேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஒழுங்கா போயிடு."

போனால் அவன் மனசு நோகும். போகாவிட்டால் அவன் பேர் கெடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுதே, நான் எங்கதான் போறது?

மார்ச் 26

ஷூட்டிங். மூன்று சுவர் வைத்த பொய்வீடு. அவன்தான் கூட்டிக்கொண்டு போனான், என் செருப்புப் பையைச் சுமந்துகொண்டு. வசனம் மறந்துபோய் முழித்தேன். கேமராவுக்குப் பின்னால் சின்னவன் வாயசைத்தான், ஒவ்வொரு சொல்லாக. பிடித்துக்கொண்டேன்.

"பின்னாடி யாருப்பா வாயசைக்கிறது? வெளிய போ" என்று டைரக்டர் கத்தினார்.

போனான். கதவைச் சாத்தினார்கள். அழுகையை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "இதேதான் பாட்டி, இப்படியே பண்ணுங்க!" தொடர் வருஷக்கணக்கில் ஓடுமாம்.

மார்ச் 27

ஷூட்டிங் போட்டோக்காரர், எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள என்று என்னைப் படம் எடுக்க வந்தார். நான் வேண்டாம் என்றேன். "வெளிய என் செருப்புப் பையை மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான் தம்பி. நாளைக்கு நான் பேசப்போற வசனத்தை முணுமுணுத்துக்கிட்டிருப்பான். அவனுக்குத் தெரியாம எடுங்க. பை தெரியக்கூடாது, முகம் மட்டும். எங்க கூடத்து ஆணியில மாட்டற மாதிரி பெரிசா கழுவி, என் பேருக்குத் தபால்ல போட்டுடுங்க."