உன் மேல் போட்ட பாதிப் பிழை

இன்று தேவாலயத்தில் காலைப் பூசையில் அந்த சென்ட் மணம் மறுபடியும் என் மூக்கில் ஏறியது. எனக்கு முன் வாங்கு வரிசையில் அந்தக் கனவான் முழங்காலில் நின்றார். வியாழக்கிழமை அவர் தரப்பின் மேன்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் அவருடைய சட்டைக் கழுத்தில் ஒரு மடிப்புக்கூடக் குலையவில்லை. செய்தியை உன்னிடம் யார் வந்து சொல்லப்போகிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மணத்தை முதலில் நாம் ஆஸ்பத்திரி வாட்டில்தான் அறிந்தோம். அதற்கு முதல்நாள் கொக்கட்டிச்சோலையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்துவிட்டு உன் ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ ஓட்டினாய், நான் பின்னால், உன் அலங்காரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும், எதிரே நெல்மூட்டையோடு வந்த உழவு இயந்திரத்தை முந்திக்கொண்டு அவருடைய கார் எங்கள் பக்கத்துக்கே வந்தது. நீ வீதியை விட்டுப் புல்லில் இறங்கினாய். அங்கேயும் வந்து இடித்தது. நான் சிராய்ப்புகளோடு எழுந்தேன். உன் வலது கால் பார்க்க முடியாதபடி திரும்பிக் கிடந்தது. அவர் இறங்கி வந்து முதலில் தன் காரின் முன்விளக்கைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் உன்னைப் பார்த்தார்.

வீதி போடுகிற கொந்தராத்துக்காரர் அவர். வீதியில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

அடுத்த நாள் ஒரு பை அப்பிளோடு வந்து உன் கட்டிலருகே நின்றார்.

"தங்கச்சி, நடந்தது நடந்து போச்சி. ரெண்டு பக்கமும் பிழை எண்டு ஒரு கடுதாசில கையெழுத்து வெச்சா, மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

"என்ட பக்கத்துப் பிழை என்ன ஐயா? புல்லுல போனதா?"

"அப்பிடி இல்ல. சும்மா பேருக்குத்தான்."

"அது என்ட பேர்தானே," என்றாய்.

அப்பிள் பை அவரோடேயே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு உன் கட்டிலைச் சுற்றி வந்தவர்களை நினைத்தால் அவரே பரவாயில்லை என்று தோன்றும். "பெரிய ஆளோட என்னத்துக்குப் புள்ள?" என்று உன் சொந்தங்கள் ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். இடித்தவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன் மனுசன் மட்டும், எப்போதும் பேசாத அந்த மனுசன், "அவளுக்குச் சரியெண்டு பட்டத அவள் செய்யட்டும்" என்றார்.

நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போட்ட வழக்கில் அவர் முதல் விசாரணைத் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். உன் சட்டத்தரணிதான் விளக்கினார்: அது சட்டத்தை மீறியதற்கான தண்டனை, உனக்கு நேர்ந்த இழப்பை நீயே தனியாக மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். நீ ஊன்றுகோலோடு போய் வழக்கைப் பதிந்தாய்.

அதற்கு அவர் தரப்பு தாக்கல் செய்த மறுமொழியை என்னால் இன்றும் சிரிக்காமல் நினைக்க முடியவில்லை. அங்கே பிழை தன்னுடையது என்று தண்டம் கட்டிய அதே மனிதர், பக்கத்துக் கட்டடத்தில் பிழை உன்னுடையது என்றார். முழுதும் இல்லாவிட்டால் பாதியாவது உன்னுடையதாம். பாதிப் பிழை உன் தலையில் விழுந்தால் இழப்பீட்டிலும் பாதி குறையும். அவருடைய காரின் காப்புறுதிக் கம்பனியில் இருந்த படித்த மூளைகள் ஒன்றுகூடிக் கண்டுபிடித்த உண்மை அது.

பிறகு தவணைகள். ஒருநாள் அவர்களுடைய சட்டத்தரணிக்குக் காய்ச்சல். ஒருநாள் அவருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை. ஒருநாள் காரணமே சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று மணப்பெண்களுக்குச் சேலை கட்டிய நீ, கொஞ்ச நேரம் நிற்கவும் சுவரைப் பிடித்தாய். சட்ட வைத்திய அதிகாரி அதை எழுதித் தந்திருந்தும், நீ நடிக்கிறாயோ என்பதுபோல அவர்கள் உன் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள்.

நீ சாட்சிக் கூண்டில் ஏறிய நாளை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"நீங்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள், அப்படித்தானே?" என்று அவர்களுடைய சட்டத்தரணி கேட்டார்.

"ஓம் ஐயா."

"எதைப் பற்றி?"

"மாப்பிளைட மீசையப் பத்தி."

நீதிபதியின் பேனா ஒரு கணம் நின்றது.

"ஆகவே உங்கள் கவனம் வீதியில் இருக்கவில்லை."

"கவனம் இருந்தபடியாத்தான் ஐயா புல்லுல இறங்கினன். அவர் சிரிக்காமத்தான் வந்தவர். வந்துதான் இடிச்சவர்."

அன்று வெளியே வந்ததும் வேப்பமர நிழலில் இருந்து நீ அழுதாய். கால் வலிக்கிறது என்றாய். எனக்குத் தெரியும், அது கால்வலி இல்லை.

அதற்கடுத்த தவணைக்கு நீ இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழும்பவில்லை. உன் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து இரண்டாம் கிழமை, அவர்களுடைய சட்டத்தரணி எழுந்து நின்று, வழக்காளி இறந்துவிட்டதால் வழக்கும் முடிந்தது என்று விண்ணப்பித்தார். குரலில் ஒரு நிம்மதி. கடமைக்காகச் சொன்ன அனுதாபம் அதற்குப் பிறகு வந்தது. ஆனால் வழக்கும் மறுமொழியும் நீ உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் தாக்கலாகி முடிந்திருந்தபடியால், உன் இடத்தில் உன் மனுசன் வழக்கைத் தொடரலாம் என்று நீதிபதி சொன்னார். நீ சொன்ன சாட்சியமும் அப்படியே நின்றது. அதன்மேல் நானும் சாட்சி சொன்னேன்.

தீர்ப்பு வந்தது: பிழை முழுதும் கார்க்காரருடையது. உன் பங்கு எதுவுமில்லை. இறந்துபோன ஒரு பெண் மேல் பாதிப் பிழையாவது ஒட்ட வேண்டும் என்று அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். வியாழக்கிழமை அதுவும் தோற்றது. உன் மனுசனுக்கு நான்தான் போன் பண்ணினேன். "அவள் இத எப்பவோ சொல்லிட்டாள்" என்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பாதர் என் கையைப் பிடித்தார். "எல்லாம் முடிஞ்சுது பிள்ள, இனி மனசில இருந்து இறக்கி வையுங்க." நல்ல மனிதர், தலையாட்டிவிட்டு வந்தேன். வாசலில், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அந்தக் கனவானைக் காட்டி, "ஆர் அக்கா அவர்?" என்று கேட்டாள். இந்தக் கோயிலில் அதற்கு ஒரு வழக்கமான பதில் இருக்கிறது: கூரை போட்டுத் தந்தவர்.

"என்ட கூட்டாளியக் காரால இடிச்சவர்," என்றேன், அவருக்கும் கேட்கத்தக்கதாக. "பிழை முழுக்க அவர்ட. நான் சொல்லல்ல, கோடு தீர்ப்புச் சொன்னது."

அவர் கார்க் கதவைத் திறந்தபடி நின்றார். திரும்பவில்லை. இனி யார் கேட்டாலும் இதுதான் என் பதில். நீ விட்டுப்போனவற்றில் நான் இறக்கி வைக்காமல் சுமப்பது இந்த ஒன்றைத்தான்.